புழக்கடை மேடை: முதலில் நிழல், பிறகு கல்

பெங்களூர் குளிர்ச்சியான ஊர் என்ற பெயர் இன்னும் போகவில்லை. குளிர்ச்சிதான் போய்க்கொண்டிருக்கிறது. 2016-ம் ஆண்டு ஏப்ரல் 24-ந் தேதி இங்கே வெயில் 39.2 டிகிரி செல்சியஸைத் தொட்டது. பழைய கணக்கில் 102 டிகிரிக்கும் மேல்! 2024-ம் ஆண்டு ஏப்ரல் கடைசியில் 38.5 டிகிரி. கடல் மட்டத்தில் இருந்து 3 ஆயிரம் அடி உயரத்தில் இருக்கும் ஊருக்கு இது அதிகம்தான்.

இந்த வெயிலில் மாலை நேரத்தில் வீட்டுக்குள் உட்கார முடிவதில்லை. மொட்டை மாடியிலோ தண்ணீர்த் தொட்டியும் துணிக் கொடியும். மிஞ்சுவது புழக்கடை. பாத்திரம் துலக்கவும் விறகு அடுக்கவும் என்று ஒதுக்கிய அந்த இடத்தில் காற்றாட உட்கார ஒரு மேடை போட்டால் என்ன என்ற எண்ணம் இப்போது பலருக்கு வந்திருக்கிறது. எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., பி.இ.எல். என்று வேலை பார்த்து, சேமிப்பைப் போட்டு முப்பதுக்கு நாற்பது மனையில் வீடு கட்டியவர்கள் நம்மவர்களில் ஏராளம். பின்னால் பத்தடி விட்டுக் கட்டிய பழைய வீடு என்றால் மேடைக்கு இடமும் இருக்கிறது.

இந்த எண்ணத்துக்குத் தூபம் போடுவது வெளிநாட்டுப் படங்கள். அமெரிக்காவில் அரிசோனா போன்ற பாலைவனப் பகுதிகளில் வீட்டின் பின்புறம் இரண்டு மூன்று தளங்களாகப் பலகை மேடை கட்டுகிறார்கள். அதற்கு 'டெக்' என்று பெயர். மகனோ மருமகனோ படம் அனுப்புகிறார். அதே போல இங்கேயும் வேண்டும் என்று தச்சரைக் கூப்பிடுகிறோம். தச்சர் சொல்லும் மர விலையைக் கேட்டதும் மேஸ்திரியைக் கூப்பிடுகிறோம். மேஸ்திரி சொல்வது இதுதான்: "எதுக்கு சார் தொல்லை? முழுசா கான்கிரீட் போட்டுடலாம். மண்ணே தெரியாது."

இரண்டு பேர் சொல்வதையும் அப்படியே கேட்டுவிடாதீர்கள்.

பாலைவனக்காரர்கள் செய்தது

அரிசோனாவின் பீனிக்ஸ் நகரில் 2023-ம் ஆண்டு தொடர்ந்து 31 நாள் வெயில் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. அப்படிப்பட்ட வெயிலில் திறந்த வெளியில் கிடக்கும் பலகை மேடையில் வெறுங்காலோடு நடக்க முடியாது. பிளாஸ்டிக் கலந்த பலகை என்றால் இன்னும் மோசம். வெயிலில் காய்ந்த மரம் சுருங்கும், விரியும், ஆணி தலை தூக்கும். வருடா வருடம் எண்ணெயோ வர்ணமோ பூச வேண்டும். இங்கே அதோடு கறையானும் சேர்ந்துகொள்ளும்.

நம் நாட்டிலும் வறண்ட வெயில் பிரதேசங்கள் உண்டு. அங்கே அடுக்கடுக்காகக் கட்டியவர்கள் எப்படிக் கட்டினார்கள்? ஆக்ராவுக்குப் பக்கத்தில் பதேபூர் சிக்ரியில் அக்பர் கட்டிய பஞ்ச மகால் இருக்கிறது. ஐந்து அடுக்கு. கீழ் அடுக்கில் 84 தூண். மேலே போகப் போக அடுக்கு சிறுத்து, உச்சியில் நாலே தூண் தாங்கும் சின்ன மண்டபம். மொத்தம் 176 தூண்கள். நாலு பக்கமும் காற்று புகுந்து போகும். கீழ் அடுக்கில் இருப்பவர்களுக்கு மேல் அடுக்கே கூரை. அத்தனையும் கல். நமக்கு அரண்மனை வேண்டாம். அந்த யோசனை போதும். மேலே நிழல், கீழே கல், நடுவில் காற்று.

"கல் சுடாதா?" என்று கேட்பீர்கள். சுடும். மரத்தை விடக் கல்லுக்கு ஞாபகசக்தி அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். பகலெல்லாம் வாங்கிய சூட்டை வைத்திருந்து, நாம் வந்து உட்காரும் ராத்திரி எட்டு மணிக்குத் திருப்பிக் கொடுக்கும். ஆனால் பகலில் நிழலில் இருந்த கல், ராத்திரியில் வாங்கிய குளிர்ச்சியை மதியம் வரை வைத்திருக்கும். கோயில் மண்டபத்தில் உட்கார்ந்தவர்களுக்கு இது தெரியும். ஆகவே கல்லைப் பற்றி யோசிப்பதற்கு முன் நிழலைப் பற்றி யோசிக்க வேண்டும்.

நிழல் எந்தப் பக்கம்?

பெங்களூரில் ஏப்ரல் 24, 25 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் நடுப்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடுகிறது. நட்டு வைத்த கம்புக்கு நிழலே விழாது. அதாவது, கோடையின் உச்சத்தில் மதிய நேரத்தில் மதில் சுவர் எவ்வளவு உயரமாக இருந்தாலும் பயன் இல்லை. தலைக்கு மேல் ஏதாவது இருந்தால்தான் நிழல்.

மதியத்துக்குப் பிறகு கதை வேறு. புழக்கடை வீட்டுக்குக் கிழக்கே இருந்தால் அதிர்ஷ்டம். மூன்று மணிக்கெல்லாம் வீட்டின் நிழலே மேடை மேல் விழத் தொடங்கும். ஷிப்ட் முடிந்து வருபவர் ஆறு மணிக்கு உட்காரும்போது கல் ஆறியிருக்கும். மேற்கே இருந்தால் மாலை வெயில் முழுவதும் மேடை மேல்தான். பந்தல் இல்லாமல் அங்கே மேடை கட்டுவது காலைக் காப்பிக்கு மட்டும் உதவும். வடக்கோ தெற்கோ என்றால் இரண்டுக்கும் நடுவே. காசு செலவழிக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க, மணிக்கு ஒரு தடவை நிழல் எங்கே விழுகிறது என்று சுண்ணாம்பால் கோடு போட்டுப் பாருங்கள். இதற்கு மேஸ்திரி கூலி கிடையாது!

பந்தலுக்கு மாதிரி தேடி வெகுதூரம் போக வேண்டாம். தேவனஹள்ளி, சிக்கபள்ளாபூர் பக்கம் போனவர்கள் திராட்சைத் தோட்டங்களைப் பார்த்திருப்பீர்கள். கருங்கல் கம்பங்களை நட்டு, மேலே கம்பி இழுத்துக் கொடியைப் படரவிட்டிருப்பார்கள். கறையான் அரிக்காது, துரு பிடிக்காது. அதே கல் கம்பம் நாலு, கொஞ்சம் கம்பி. அவ்வளவுதான் பந்தல். கம்பத்தை இரண்டடி ஆழம் புதைத்து, சுற்றிலும் கல் கெட்டித்துவிட வேண்டும். மரக்கால்தான் வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் கே.ஆர். மார்க்கெட் பக்கத்தில் உள்ள திப்பு சுல்தானின் கோடை அரண்மனையை ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள். ஹைதர் அலி ஆரம்பித்து, 1791-ல் திப்பு முடித்த கட்டடம் அது. தேக்குத் தூண்கள் எதுவும் மண்ணைத் தொடவில்லை. ஒவ்வொன்றும் கல் பீடத்தின் மேல் நிற்கிறது.

தகரம் மட்டும் வேண்டாம். மழைக்கு உதவும், வெயிலுக்கு அது அடுப்பு. அதோடு, வீட்டைச் சுற்றி விட வேண்டிய காலி இடத்தில் கூரை போட்டால் மாநகராட்சி விதி குறுக்கே வரும். மேடையும் கொடிப் பந்தலும்கூட எவ்வளவு வரை போகலாம் என்பதை முதலிலேயே பொறியாளர் ஒருவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

அளவு எப்படி?

பழைய வீடுகளில் தரை, மண்ணில் இருந்து இரண்டரை அடி உயரம் இருக்கும். முப்பது அங்குலம். இதை மூன்றாகப் பிரியுங்கள். சமையலறை வாசலில் இருந்து ஆறு அங்குலம் இறங்கினால் மேல் மேடை. அந்த ஆறு அங்குலம் கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் மழை நேரத்தில் தண்ணீர் வீட்டுக்குள் வரும். மேல் மேடையில் இருந்து பதினெட்டு அங்குலம் கீழே இரண்டாவது மேடை. பதினெட்டு அங்குலம் என்பது நம் ஊர்த் திண்ணை உயரம். மேல் மேடையின் விளிம்பே உட்காரும் இடம் ஆகிவிடும், நாற்காலி தேவை இல்லை. ஒரு ஓரத்தில் மட்டும் ஆறு ஆறு அங்குலமாகப் படி வைத்துக்கொள்ளலாம். கால் வைக்கும் அகலம் பன்னிரண்டு அங்குலம். இரண்டாவது மேடையில் இருந்து ஆறு அங்குலம் இறங்கினால் மண்.

எல்லாப் படியும் ஒரே உயரம் இருக்க வேண்டும். ஒரு படி ஐந்து, அடுத்தது ஏழு என்று இருந்தால் வீட்டில் உள்ள பெரியவர்கள் இருட்டில் தடுக்கி விழுவார்கள். வயதான காலத்தில் இடுப்பு எலும்பு முறிந்தால் அது எத்தனை மாதப் படுக்கை என்பது அனுபவித்த குடும்பங்களுக்குத் தெரியும். படி விளிம்பில் வெள்ளைக் கோடும், ஒரு பக்கம் கைப்பிடிக் குழாயும் பெரிய செலவு இல்லை.

மேடை அகலம் முப்பதடிக்கும் போக வேண்டியதில்லை. பன்னிரண்டு அடி போதும். மேல் மேடை ஐந்தடி, கீழ் மேடை மூன்றடி. மற்ற இடம் எல்லாம் மண்ணாகவே இருக்கட்டும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மேல் மேடைக்கு உள்ளே மண் கொட்டி நிரப்ப வேண்டாம். கொட்டிய மண் இரண்டு மழையில் அமுங்கும். ஈரம் வீட்டுச் சுவரில் ஏறும். ஏரியைத் தூர்த்து எழும்பிய ஊர் இது. மெஜஸ்டிக் பஸ் நிலையம் தர்மாம்புதி ஏரி. கண்டீரவா ஸ்டேடியம் சம்பங்கி ஏரி. அப்படிப்பட்ட தாழ்வான இடத்தில் மனை என்றால் அடி மண்ணே நிரப்பு மண்ணாக இருக்கும். ஆகவே ஒன்றரை அடி தோண்டி, சைஸ் கல்லில் இரண்டு குட்டைச் சுவர் எழுப்பி, அவற்றின் மேல் மூன்று அங்குல கனக் கருங்கல் பலகைகளைப் போடுவதே மேல். இந்தச் சுவருக்கு மட்டும் கொஞ்சம் சிமெண்ட் வேண்டும். அடியில் வெற்றிடம், காற்று போகும். எலி போகாமல் வலை அடித்துவிடுங்கள். கீழ் மேடைக்கு அதுவும் வேண்டாம். மண்ணைக் கெட்டித்து, நாலு அங்குலம் மணல் பரப்பி, ரசமட்டம் வைத்துக் கல்லைப் பதித்தால் போதும். பத்தடிக்கு ஒன்றரை அங்குலம் வாட்டம், வீட்டை விட்டு வெளியே சாயும்படி.

கல்லைப் பளபளப்பாக இழைக்கச் சொல்லாதீர்கள். மழையில் வழுக்கும். உளி கொத்திய சொரசொரப்பே நல்லது. கறுப்புக் கடப்பைக் கல்லும் வேண்டாம். வெயிலில் காலைப் பொசுக்கும். சாம்பல் நிறக் கருங்கல் இந்த மண்ணில் விளைந்தது. லால்பாக் பாறையைப் பார்த்தவர்களுக்கு அது சுமார் 300 கோடி ஆண்டுகளாக வெயிலில் கிடக்கும் இனம் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஐந்தடி நீளம், இரண்டடி அகலம், மூன்று அங்குல கனம் உள்ள ஒரு பலகை சுமார் 185 கிலோ எடை. வீட்டின் பக்கவாட்டுச் சந்து மூன்றடிதான் என்றால் அதை எப்படித் திருப்புவது என்று வாங்குமுன் அளந்து பாருங்கள். நாலு ஆள், கயிறு, கம்பு இல்லாமல் தூக்கச் சொல்லக் கூடாது. அரைநாள் கூலியை மிச்சம் பிடிக்க இரண்டு பேரைத் தூக்க வைத்து, ஒருவர் விரலோ பாதமோ நசுங்கினால் அந்தக் குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது? நம்மில் பாதிப் பேர் அந்த வேலை செய்து வந்தவர்களின் பிள்ளைகள்தானே! ஏப்ரல், மே மாதத்தில் வேலை நடந்தால் காலை ஏழு மணிக்குத் தொடங்கி, வெயில் ஏறுமுன் கல் தூக்கும் வேலையை முடித்துவிட வேண்டும்.

மண்ணை மூடாதீர்கள்

இப்போது கான்கிரீட் விஷயம். 2024-ம் ஆண்டு கோடையில் பெங்களூரில் போர்வெல்கள் வற்றியது மறந்திருக்காது. அந்த மார்ச்சில் குடிநீர் வாரியம், குடிநீரைக் கட்டட வேலைக்கும் தோட்டத்துக்கும் வண்டி கழுவவும் பயன்படுத்தக் கூடாது என்று தடை போட்டது. மீறினால் 5 ஆயிரம் ரூபாய் அபராதம். கான்கிரீட் போட்டால் குறைந்தது ஒரு வாரமாவது தண்ணீர் ஊற்றி ஈரம் காக்க வேண்டும். கோடையில் அதைச் சரியாகச் செய்யாவிட்டால் வெடித்துவிடும். மணலில் பதித்த கல்லுக்கு அந்தத் தண்ணீரே வேண்டாம்.

அதைவிடப் பெரிய கணக்கு ஒன்று உண்டு. பெங்களூரில் ஆண்டுக்குச் சராசரியாக 970 மில்லிமீட்டர் மழை. முப்பதுக்கு நாற்பது மனை மீது விழும் தண்ணீர் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல். 12 ஆயிரம் லிட்டர் லாரிக் கணக்கில் ஒன்பது லாரி! அதில் முப்பதுக்குப் பத்து புழக்கடையில் மட்டும் விழுவது சுமார் 27 ஆயிரம் லிட்டர். அத்தனையும் மண்ணுக்குள் இறங்கிவிடாது. கொஞ்சம் ஆவியாகும், கொஞ்சம் ஓடும். ஆனால் முழுக்கக் கான்கிரீட் போட்டுவிட்டால் ஒரு சொட்டும் இறங்காது. எல்லாம் தெருச் சாக்கடைக்கு. மழைநீர் சேகரிப்பைச் சட்டமாக்கிய ஊரில், தன் போர்வெல்லுக்குத் தானே மூடி போட்டதாக ஆகும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே அரை அங்குலம் மணல் இடைவெளி விட்டால் மழை தானாக இறங்கிப் போகும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சம்ப் மூடியும் சாக்கடைச் சேம்பரும் அநேகமாகப் புழக்கடையில்தான் இருக்கும். அவற்றின் மேல் மேடை வந்தால், அடைப்பு ஏற்படும் நாளில் மேடையை உடைக்க வேண்டி வரும். அந்த இடத்தில் சிறிய பலகையாக, பூச்சு இல்லாமல், தூக்கும்படி வையுங்கள்.

வாடகை வீட்டுக்காரர்கள் மனம் தளர வேண்டாம். செங்கல்லைப் பூச்சு இல்லாமல் அடுக்கி, அதன் மேல் மூன்றடிக் கல் பலகை ஒன்று போட்டால் அதுவே திண்ணை. காலி செய்யும்போது கல்லையும் வண்டியில் ஏற்றிக்கொள்ளலாம். வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் முன்பணத்தில் கை வைக்க மாட்டார்.

பந்தலில் என்ன படரவிடுவது? திராட்சை நன்றாக வரும். 'பெங்களூர் நீலம்' என்று இந்த ஊர்ப் பெயரிலேயே ஒரு வகை இருக்கிறது. ஆனால் அதற்குக் கவாத்து வேண்டும், பழம் உதிர்ந்தால் எறும்பு வரும். அவரை போடலாம், ஒரு பருவம்தான். சுலபமானது சௌசௌ. நம் ஊரில் அதற்குப் பெயரே பெங்களூர்க் கத்திரிக்காய்தானே! மார்க்கெட்டில் முளை விட்ட முற்றிய காய் ஒன்று வாங்கி, வெட்டாமல் முழுசாக, முளை மேலே தெரியும்படி பாதி மண்ணில் புதைத்துவிட்டால் போதும். ஜூன் மழைக்கு வைத்தால் அடுத்த கோடைக்குள் பந்தல் நிறைந்துவிடும். பாத்திரம் கழுவிய தண்ணீரை அதன் வேர்ப் பக்கம் திருப்பிவிடுங்கள். சோப்புத் தண்ணீர் மட்டும் வேண்டாம்.