தங்கவயலில் தழைத்த பௌத்தம்

கோலார் தங்கவயலுக்குச் சில கல் தொலைவில் பூதிகோட்டை என்னும் சிற்றூர் உள்ளது. ஹைதர் அலி பிறந்த ஊர் என்று வரலாறு பயின்றோர் அதனை அறிவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தங்கவயல் தமிழர் கைக்கொண்ட பௌத்த இயக்கத்துக்கு இரங்கூனிலும் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் கிளைகள் இருந்தன. ஆயின் கன்னடமும் தெலுங்கும் வழங்கும் அண்டைச் சிற்றூர்களில் அது வேரூன்றவில்லை. கடல் கடந்த சமயம் கழனி கடவாதது ஏன்?

சித்த மருத்துவரான அயோத்திதாச பண்டிதர் 1898இல் கர்னல் ஆல்காட்டின் துணையுடன் கொழும்பு சென்று, சுமங்கல நாயக தேரரிடம் பஞ்சசீலம் ஏற்று மீண்டார். சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். தாழ்த்தப்பட்ட மக்கள் முற்காலத்தில் பௌத்தராய் இருந்தவரே என்பது அவர் கொள்கை. வரலாற்றறிஞர் அனைவரும் இதனை ஒப்பினாரல்லர். எனினும், புதிய மதத்துக்கு வருக என்று அழைப்பதற்கும், இழந்த மதத்துக்கு மீள்க என்று அழைப்பதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. பின்னதில் தலைகுனிவு இல்லை.

இவ்வழைப்பு தங்கவயலில் விரைந்து பற்றியதற்குக் கொள்கை மட்டும் காரணமன்று என்றே நாம் கருதுகிறோம். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கத் தொழிலை மேற்கொண்டபின், வட ஆற்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து ஏழைத் தமிழர், பெரும்பாலும் ஆதிதிராவிடர், அங்குக் குடியேறினர். 1894இல் மாரிக்குப்பம் வரை இருப்புப்பாதை வந்தது. சுரங்க வேலை கொடியது. பாறை வெடித்தும் நுரையீரல் நோயுற்றும் மாண்டோர் பலர். ஆயினும் கூலி பணமாகக் கிடைத்தது. சொந்த ஊரில் பறையடிக்க மறுத்தால் மறுநாள் உலையேறாது. தங்கவயலிலோ திருமணத்தையும் ஈமக்கடனையும் பௌத்த முறைப்படி நடத்தியவன் எந்த நிலக்கிழாருக்கும் அஞ்ச வேண்டியதில்லை.

அடுத்தது அச்சு. 1907இல் பேராசிரியர் லட்சுமி நரசு பௌத்தம் பற்றி அரியதோர் ஆங்கில நூல் வெளியிட்டார். சுரங்கத் தொழிலாளி அதனைப் படித்திருக்க முடியாது. அதே ஆண்டில் பண்டிதர் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ ஏட்டின் விலையோ பெயரிலேயே இருந்தது! மறு ஆண்டு ‘தமிழன்’ எனப் பெயர் சுருங்கிய அவ்வேட்டில் மாரிக்குப்பச் சங்கச் செய்திகள் வெளிவந்தன. அவற்றை இரங்கூன் தமிழரும் படித்தனர். 1914இல் பண்டிதர் மறைந்தார். அவர் நூல்களைச் சாம்பியன் ரீபிலிருந்த சித்தார்த்தா புத்தகசாலை அச்சிட்டது. 1926 முதல் ஜி. அப்பாதுரையார் ‘தமிழன்’ ஏட்டைத் தங்கவயலிலிருந்தே நடத்தினார். சென்னையிலிருந்து பெற்ற ஊர், பிறர்க்கு வழங்கும் ஊராயிற்று.

அண்டைச் சிற்றூர் பற்றிய வினாவுக்கு விடையும் இங்கேயே உள்ளது. இயக்கத்தின் ஏடு தமிழ். அது பேசிய பழைய பெருமையும் தமிழர் பெருமை. அதனாலேயே டர்பனில் கரும்புத் தோட்டத்துக்குச் சென்றவர் வழிவந்தோருக்கு அது வீட்டுப் பேச்சாயிற்று. பூதிகோட்டை உழவருக்கோ அயலார் பேச்சாகவே நின்றது.

1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் அம்பேத்கர் இலட்சக்கணக்கானோருடன் பௌத்தம் தழுவினார். அன்று தங்கவயலில் அச்சமயம் ஏறத்தாழ அரை நூற்றாண்டுப் பழக்கமுடையதாய் இருந்தது.