கடல்மேற் சென்றோர்

நம் முன்னோர் நிலத்தை ஐவகையாகப் பகுத்தனர். ஒவ்வொன்றற்கும் உரிய ஒழுக்கத்தையும் வகுத்தனர். கடலும் கடல் சார்ந்த இடமுமாகிய நெய்தலுக்கு அவர்கள் உரித்தாக்கியது இரங்கல். அகப்பொருள் நூல்களில் அது தலைவனைப் பிரிந்த தலைவியின் வருத்தத்தைக் குறிக்கும். எனினும், மீனவர் குப்பம் ஒன்றில் ஒரு நாள் தங்கிப் பார்ப்போர்க்கு அவ்வகுப்பின் பொருத்தம் மேலும் விளங்கும். விடியுமுன் சென்ற படகு உரிய பொழுதில் திரும்பாவிடின், கரையில் உள்ள முகங்கள் அனைத்தும் கடலையே நோக்கி நிற்கும்.

விழுப்புரம் மாவட்டத்துத் திண்டிவனத்திலிருந்து கிழக்கே செல்லும் சாலை மரக்காணத்தை அடைகிறது. இப்பகுதி பண்டைக் காலத்தில் ஓய்மாநாடு எனப் பெயர் பெற்றிருந்தது. திண்டிவனத்தை அடுத்த கிடங்கில் என்னும் ஊர் அந்நாட்டு மன்னன் நல்லியக்கோடனுக்கு உரியது. அவனைப் பாடும் சிறுபாணாற்றுப்படை எயிற்பட்டினம் என்னும் கடற்கரை ஊரைக் குறிக்கிறது. அது இன்றைய மரக்காணமே என்பது ஆய்வாளர் பலர் கருத்து. வழி நடந்து களைத்து வரும் பாணர்க்கு அவ்வூர்ப் பரதவர் சுட்ட மீனொடு விருந்தளிப்பர் என்று அந்நூலால் அறிகிறோம்.

குறுந்தொகைச் செய்யுள் ஒன்றில் பரதவர் குடும்பத்துப் பெண்ணொருத்தி தன் வீட்டு நிலையைக் கூறுகிறாள். தந்தையைச் சுறாமீன் தாக்கியிருந்தது. அக்காயம் ஆறியதும் அவர் மறுபடியும் கடலுக்குப் போய்விட்டார். தாயோ உப்பைக் கொடுத்து நெல் வாங்கி வரச் சென்றிருக்கிறாள். மரக்காணத்தில் இன்றும் உப்பளங்கள் வெண்ணிறமாக விரிந்து கிடக்கின்றன. இன்றும் காயம் ஆறிய மீனவர் கடலுக்கே செல்கின்றனர். காலம் மாறினும் அத்தொழிலின் இயல்பு மாறவில்லை.

மீனவரின் நாள், பிறர் உறங்கும் பொழுதிலேயே தொடங்குகிறது. முற்காலத்தில் அவர்கள் கட்டுமரத்தில் சென்றனர். எடை குறைந்த மரங்களைக் கயிற்றால் இறுகப் பிணித்து அதனை அமைப்பர். அலை அதன்மேல் ஏறி வழிந்தோடுமேயன்றி, அதனை நீர் நிரப்பி மூழ்கச் செய்வதில்லை. அதன் பெயர் ஆங்கிலம் முதலிய பிற மொழிகளிலும் சென்று வழங்குகிறது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலைக்குப் பின், இயந்திரம் பூட்டிய கண்ணாடியிழைப் படகுகள் இக்கரையில் மிகுந்தன. படகு மாறினும், மீனவர் தம் பழைய அறிவைக் கைவிடவில்லை. நீரின் நிறத்தையும், பறவைகள் வட்டமிடும் இடத்தையும் கொண்டு மீன் கூட்டத்தை அறிவர். கடலின் ஆழத்தைப் பாகக் கணக்கில் அளப்பர். வாடை, கொண்டல், கச்சான் எனக் காற்றைப் பெயர் சொல்லி அழைப்பர்.

கரை சேர்ந்த மீன் ஏலத்தில் விலைபோகும். விற்ற பணத்தில் எரிபொருட் செலவைக் கழித்து, படகிற்கும் வலைக்கும் ஒரு பங்கும், உழைத்தவர்க்கு ஒரு பங்கும் எனப் பிரிப்பர். மீன் கிடைக்காத நாளில் பங்கும் இல்லை. எரிபொருட் கடனே எஞ்சும். வானம் கறுத்திருக்கும் காலையிலும் சிலர் துணிந்து படகைத் தள்ளுவதற்கு அறியாமை காரணமன்று. அடுப்பெரிய வேண்டும் என்னும் கவலையே காரணம்.

பன்னாட்டுத் தொழிலாளர் நிறுவனம், மீன்பிடித்தலை உலகின் மிக ஆபத்தான தொழில்களுள் ஒன்றாக வைத்து எண்ணுகிறது. வலையிழுக்கும்போது கால் கயிற்றிற் சிக்கலாம். இயந்திரம் நடுக்கடலில் நின்றுவிடலாம். இரவில் பெருங்கப்பல் சிறு படகைக் காணாது மோதலாம். நீரில் வீழ்ந்தவர் நீந்த வல்லவராயினும், வீழ்ந்த இடத்திலேயே நில்லார். நீரோட்டம் மணிக்கு 2 கிலோமீட்டர் செல்வதாகக் கொள்வோம். பத்து மணி நேரத்தில் அவர் 20 கிலோமீட்டர் அப்பால் இருப்பார். எத்திசையில் என்பதும் உறுதியில்லை. தேடுவோர் தாழ்க்கும் ஒவ்வொரு மணிப்பொழுதும் தேட வேண்டிய பரப்பைப் பெருக்கிவிடுகிறது.

விழுப்புரக் கரையின் சிறுபடகு மீனவர் பெரும்பாலும் சென்ற நாளிலோ மறுநாளிலோ மீள்வர். குமரி மாவட்டத்து மேலைக் கரையிலோ நிலைமை வேறு. நீரோடி, வள்ளவிளை, சின்னத்துறை, தூத்தூர் முதலிய ஊரினர் சுறாவையும் சூரையையும் தேடி ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்குவர். 2017ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் 'ஒக்கி' என்னும் புயல் குமரிக் கடலைக் கடந்தது. முந்திய நாள் தாழ்வு மண்டலமாக இருந்தது, ஒரே நாளில் புயலாக வலுப்பெற்றுவிட்டது. கரையில் இருந்தோர்க்கு எச்சரிக்கை சொல்லலாம். பன்னாட்களுக்கு முன்னரே புறப்பட்டுக் கைப்பேசி எட்டாத் தொலைவில் இருந்தோர்க்கு எவர் சொல்வது? படகுகள் பல கவிழ்ந்தன. சில படகுகள் காற்றால் அலைக்கப்பட்டு இலட்சத்தீவிலும் மராட்டியக் கரையிலும் ஒதுங்கின. கடற்படையும் கடலோரக் காவற்படையும் தேடின. மீனவர் தாமும் தம் படகுகளை எடுத்துக்கொண்டு தோழரைத் தேடிப் புறப்பட்டனர். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் மீனவர் பலர் மீளவே இல்லை. கரை சேர்ந்த உடல்கள் சிலவற்றை மரபணுச் சோதனை செய்தே அடையாளம் காண வேண்டியதாயிற்று.

கடலில் இழப்பதற்கும் நிலத்தில் இழப்பதற்கும் பெரியதோர் வேறுபாடு உண்டு. நிலத்தில் இறந்தார்க்கு இறுதிக்கடன் செய்து, அழுது, மெல்ல மெல்ல ஆறுகிறோம். கடலிற் காணாமற்போனவர் வீட்டில் அழுவதா, காத்திருப்பதா என்பதே தெளிவாகாது. படலை திறக்கும் ஓசை கேட்கும்தோறும் தாய் நிமிர்ந்து பார்ப்பாள். சட்டமும் இத்துயரை நீட்டிக்கிறது. ஒருவரைப் பற்றி ஏழாண்டுகள் யாதொரு செய்தியும் இல்லையெனின் அவர் இறந்தாரெனக் கொள்ளலாம் என்று 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் கூறிற்று. அதற்கு மாற்றாக 2024ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த சட்டத்திலும் அவ்விதி உள்ளது. இறப்புச் சான்று இல்லாமல் காப்பீட்டுத் தொகையும் உதவித் தொகையும் எளிதிற் கிட்டா. ஒக்கிப் புயலுக்குப் பின், காணாமற்போனோர் குடும்பங்கள் ஏழாண்டு காத்திராமல் உதவி பெற அரசுகள் வழி செய்தன. அது போற்றத்தக்க செயல். புயலன்றி, யாரும் அறியாது ஒருவராகவும் இருவராகவும் மறைவோரின் குடும்பங்கட்கும் அத்தகைய விரைவு வேண்டும்.

இவ்விடர்களைக் குறைக்கும் வழிகள் இன்று உள்ளன. இந்திய வானிலை ஆய்வுத் துறை புயல் எச்சரிக்கை விடுக்கிறது. ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் நடுவம் அலையின் உயரத்தையும் நீரோட்டத்தையும் முன்கூட்டிக் கணித்துச் சொல்கிறது. செயற்கைக்கோள் வழியாக ஆழ்கடலிலும் எச்சரிக்கை பெறும் கருவிகள் ஒக்கிக்குப் பின் படகுகளில் இடம்பெறத் தொடங்கின. கடலில் இடருற்றோர்க்காகக் கடலோரக் காவற்படையின் 1554 என்னும் தொலைபேசி எண் உள்ளது. உயிர்காப்பு அங்கியை அணிந்தவர், நீந்திக் களைத்தபின்னும் மிதப்பார். ஒக்கி வீசிச் சரியாக ஏழாண்டு கழித்து, 2024 நவம்பர் 30 அன்று, 'ஃபெஞ்சல்' புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது. அப்புயலின்போது, கடலுக்குச் செல்ல வேண்டாவென மீனவர்க்கு முன்னரே அறிவிக்கப்பட்டது. எச்சரிக்கை உரிய காலத்தில் வருவது ஒரு பாதி. செல்லாத நாளில் பசியாமல் இருக்க உதவுவது மறு பாதி. இரண்டும் கூடினால்தான் மீனவர் கரையில் நிற்க இயலும்.

அமெரிக்க நாட்டுக் கிளௌசுட்டர் என்னும் துறைமுக ஊரில், கடலில் மாண்ட மீனவர் 5,000க்கும் மேற்பட்டோர் பெயர்களைப் பொறித்து நினைவுச் சின்னம் எழுப்பியுள்ளனர். போரில் வீழ்ந்த வீரர்க்குப் பெயரும் பீடும் எழுதி நடுகல் நாட்டியது நம் மரபு. பிறர் உணவுக்காகக் கடலிற் சென்று மீளாதவரும் அச்சிறப்புக்கு உரியவரே. ஆயினும், அவர் பெயரைக் கல்லில் எழுதுவதினும் மேலான கடமை ஒன்று உண்டு: இனிச் செல்வோர் பெயர் அக்கல்லில் ஏறாமற் காப்பது. மாணவர்காள்! உங்களுள் ஒருவர் நாளை வானிலையை ஆராயலாம்; ஒருவர் கருவி செய்யலாம்; ஒருவர் சட்டம் இயற்றும் அவையில் அமரலாம். அப்பொழுது, உங்கள் உணவுக் கலத்தில் இட்ட மீன் யாருடைய துணிவால் வந்தது என்பதை நினைவிற் கொள்ளுங்கள். நெய்தலின் இரங்கல் ஏட்டளவில் நிற்கட்டும். கரையில் அது குறையட்டும்.