வீட்டு நாயைச் சுட்டால் யார் பதில் சொல்வது?

தோட்டத்து லயத்தில் நாய் இல்லாத வாசலைக் காண்பது அரிது. விடியுமுன்னே ஆணும் பெண்ணும் பெரட்டுக்குப் போய்விட்டால், வீட்டுக்கும் கோழிக் கூண்டுக்கும் காவல் அதுதான். இன்று பீடோர், தாப்பா வட்டாரத்தில் பால் மரங்கள் குறைந்து செம்பனை பெருகிவிட்டது. நம்மில் பலர் லயத்தை விட்டுத் தாமான்களுக்குக் குடிவந்துவிட்டோம். நாயும் நம்மோடு கூடவே வந்துவிட்டது.

அப்படி வளர்த்த நாயைச் சீருடை அணிந்த ஒருவர் சுட்டுவிட்டால் என்ன செய்வது? "நாய்தானே, போகட்டும்" என்று மண்ணைத் தள்ளி மூடிவிடுவதுதான் நம் வழக்கம். அதிகாரியை எதிர்த்துக் கேட்க அச்சம். லைசென்ஸ் எடுக்காத நாய் என்றால் இன்னும் அச்சம். ஆனால் கேள்வி கேட்டவர்கள் உலகில் இருக்கிறார்கள். கேட்டதால் சில மாற்றங்களும் வந்திருக்கின்றன.

மேயர் வீட்டில் நடந்தது

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் பெர்வின் ஹைட்ஸ் என்றொரு சிற்றூர். 2008 ஜூலை 29-ஆம் தேதி அவ்வூர் மேயர் கால்வோவின் வீட்டுக்கு ஒரு பார்சல் வந்தது. மனைவியின் பெயர் எழுதியிருந்த அந்தப் பெட்டிக்குள் இருந்தது கஞ்சா. அதை முன்பே கண்டுபிடித்துவிட்ட போலீசார், பார்சல் வீட்டுக்குள் போகும்வரை காத்திருந்தார்கள். பிறகு கதவை உடைத்துக்கொண்டு ஆயுதங்களோடு நுழைந்தார்கள். மேயர் வளர்த்த பேட்டன், சேஸ் என்ற இரண்டு லாப்ரடார் நாய்களும் சுடப்பட்டு மாண்டன. மேயரையும் அவருடைய மாமியாரையும் கைகளைக் கட்டி உட்கார வைத்தார்கள்.

பின்னர் உண்மை வெளிவந்தது. கடத்தல்காரர்கள் சம்பந்தமில்லாதவர்களின் முகவரிக்குப் பெட்டிகளை அனுப்பி, வழியிலேயே அவற்றை எடுத்துக்கொள்வது வழக்கமாம். கணவன் மனைவி இருவருமே குற்றமற்றவர்கள்.

கால்வோ அதோடு விட்டுவிடவில்லை. வழக்குத் தொடுத்தார், சட்டமன்றத்தில் போய்ப் பேசினார். 2009-இல் மேரிலாந்தில் ஒரு சட்டம் பிறந்தது. ஆயுதம் தாங்கிய சிறப்புப் போலீஸ் படைகள் எத்தனை முறை போயின, ஏன் போயின, சுட்டார்களா, மனிதரோ வீட்டு விலங்கோ காயப்பட்டதா, மாண்டதா என்று ஆறு மாதத்துக்கு ஒரு முறை கணக்குக் கொடுக்க வேண்டும். முதல் கணக்கு வந்தபோது அந்தச் சிறிய மாநிலத்தில் ஒரு நாளைக்குச் சராசரி நான்குக்கு மேற்பட்ட சோதனைகள் நடந்தது தெரிந்தது. அதுவரை பொதுமக்கள் அறியாத கணக்கு அது! அவருடைய வழக்கு 2011-இல் சமரசமாக முடிந்தது. அந்தச் சட்டம் 2014-இல் காலாவதியானது வருத்தத்துக்குரியது.

அமெரிக்க நீதிமன்றங்களும் இதில் வாய் திறந்திருக்கின்றன. பென்சில்வேனியாவில் ஒரு போலீஸ்காரர் வளர்ப்பு நாயைச் சுட்ட வழக்கில், 2001-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, நாய் அதன் சொந்தக்காரரின் உடைமை, தக்க காரணமின்றி அரசு ஊழியர் அதைக் கொல்வது அரசியல் சட்டத்துக்கு முரண் என்று கூறியது. கொலராடோ மாநிலம் 2013-இல், நாய்களைச் சந்திக்கும்போது எப்படி நடந்துகொள்வது என்று போலீசாருக்குப் பயிற்சி தரச் சட்டம் இயற்றியது.

நம் நாட்டில்

இங்கே நாய்களைச் சுடுவதாகப் பெரிதும் பேசப்படுவது ஊராட்சி மன்றங்களைப் பற்றித்தான். 2024 அக்டோபரில் திரெங்கானு, பெசுட்டில் "கோப்பி" என்ற நாய் மாவட்ட மன்றத்தின் நடவடிக்கையில் சுட்டுக் கொல்லப்பட்டது. அது ஒருவருக்கும் சொந்தமில்லாத தெரு நாய். ஆனாலும் நாடெங்கும் மக்கள் கொதித்தெழுந்தார்கள். தெருவிலங்குகளுக்காகப் பாடுபடும் சங்கம் ஒன்று வழக்கும் தொடுத்தது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது மிக மிக அரிது. 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கிலும், 2017 முதல் சரவாக்கிலும் அந்நோய் பரவியது. பாய்ந்து வரும் நாயின் முன் நிற்கும் அதிகாரிக்கும் உயிர்பயம் உண்டு. எனவே, சுடவே கூடாது என்பது நம் வாதமல்ல. சுட்டவர் எதற்காகச் சுட்டார், யார் உத்தரவு, எங்கே பதிவு என்று சொல்லக் கடமைப்பட்டவர் என்பதே நம் வாதம்.

சட்டம் இப்போது வலுவாகவே இருக்கிறது. 1953-ஆம் ஆண்டுச் சட்டத்தில் விலங்கு வதைக்கு அபராதம் 200 வெள்ளிதான். 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தின்படி 20,000 முதல் 100,000 வெள்ளி வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கலாம். போலீசார் மீதான புகார்களை விசாரிக்க 2023 ஜூலை முதல் சுயேச்சை போலீஸ் நடத்தை ஆணையமும் செயல்படுகிறது. தண்டனை கொடுக்கும் அதிகாரம் அதற்கு இல்லை, பரிந்துரைக்கத்தான் முடியும். ஆனாலும் புகார் எழுத்தில் பதிவாகிறதல்லவா?

நாம் செய்ய வேண்டியவை

முதலில் நம் பக்கத்தைச் சரி செய்துகொள்வோம். ஊராட்சி மன்றத்தில் லைசென்ஸ் எடுங்கள். பட்டையைக் கழுத்தில் கட்டுங்கள். தடுப்பூசி போட்டு அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். அதிகாரிகள் வாசலுக்கு வந்தால், நாயைக் கட்ட ஒரு நிமிடம் கொடுங்கள் என்று பணிவாகக் கேளுங்கள்.

அசம்பாவிதம் நடந்துவிட்டால் உடனே புதைத்துவிடாதீர்கள். படம் எடுங்கள். நேரம், இடம், வாகன எண், சீருடையில் உள்ள பெயர் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். கால்நடை மருத்துவரிடம் காட்டிச் சான்று கேளுங்கள். போலீஸ் நிலையத்தில் புகார் செய்து அதன் நகலை வாங்குங்கள். சுட்டவர் போலீஸ்காரர் என்றால் ஆணையத்துக்கும், மன்றத்து ஆள் என்றால் மன்றத் தலைவருக்கும், இரண்டு வகையிலும் கால்நடைச் சேவைத் துறைக்கும் எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குப் படித்த பிள்ளைகள் உதவ வேண்டும்.

மேயருக்கே மூன்றாண்டு பிடித்தது. நமக்கு இன்னும் காலம் ஆகலாம். ஆனால் எழுதிக் கொடுத்த புகாருக்கு என்றாவது ஒருவர் பதில் எழுதியே ஆக வேண்டும். எழுதாத புகாருக்கு யாரும் பதில் சொல்லப் போவதில்லை.