பனிமலையில் தாழிடாத கதவு

இத்தாலிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் இடைப்பட்ட ஆல்ப்ஸ் கணவாயில், 2,469 மீட்டர் உயரத்தில், ஏறக்குறைய 1050-ஆம் ஆண்டில் மேந்தோன் புனித பெர்நார்து ஒரு சத்திரம் எழுப்பினார். உயரம் நம் தொட்டபெட்டாவைவிடச் சற்றுக் குறைவே. பனியோ ஆளை மூடும்.

புனித அகுஸ்தீன் ஒழுங்கைப் பின்பற்றும் துறவிகள், உரோமைத் திருப்பயணியென்றும் வணிகனென்றும் பாராது, நூற்றாண்டுகளாய்க் காசின்றி உணவும் படுக்கையும் தந்தனர். பனியில் சிக்கினோரை நாய்களோடு தேடிச் சென்றனர். அப்படிச் சென்று மாண்டவரும் உண்டு. நாய்களின் புகழ் உலகெங்கும் பரவிற்று, துறவிகளின் பெயரை யாரறிவார்?

1923-இல் இப்புனிதரை மலையேறுவோரின் பாதுகாவலராக அறிவித்த பாப்பரசர் 11-ஆம் பத்திநாதர், இளங்குருவாய் 1889-இல் மோந்தே ரோசா மலையேறியவர்.

1964-இல் சுரங்கப்பாதை திறந்தபின் வாகனங்கள் கீழேயே சென்றுவிடுகின்றன. குளிர்காலத்தில் சாலை மூடப்படும். பனியில் நடந்தோ சறுக்கியோதான் ஏறவேண்டும். இன்று தங்குவோர் செலவுக்குக் கொடுக்கின்றனர். கதவு மட்டும் திறந்தே இருக்கிறது.

பெருமாநல்லூரிலிருந்து இதை எழுதக் காரணமுண்டு. பனியன் கம்பெனி வேலை தேடி ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் மூட்டையோடு வந்திறங்கும் இளைஞருக்கு, தெரிந்த ஆளின்றி எவரும் அறை தருவதில்லை. முதல் இரவுகளைக் கடைத்திண்ணையில் கழிப்போரைக் காண்கிறோம். நம் பங்கு மண்டபமோ திருமண நாள்கள் போகப் பூட்டியே கிடக்கிறது. அதில் ஓர் அறையைத் திறக்கலாமா, சாவி யாரிடம் இருப்பது, தண்ணீர்ச் செலவை யார் ஏற்பது என்பவற்றை வரும் ஞாயிறு பூசைக்குப்பின் பங்கு மக்களோடு பேசவிருக்கிறோம்.