நட்சத்திர வீரருக்கு என்ன விலை?

துபாயில் 2023 டிசம்பர் 19 அன்று நடைபெற்ற ஐபிஎல் ஏலத்தில், ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் மிட்செல் ஸ்டார்க்கை ரூ.24.75 கோடிக்கு வாங்கியது கொல்கத்தா அணி. அதுவரை ஐபிஎல் வரலாற்றில் எந்த வீரரும் பெற்றிராத விலை அது. ஓர் அணி தன் வீரர்கள் அனைவருக்குமாகச் செலவிடக்கூடிய உச்சவரம்பு அப்போது ரூ.100 கோடி. ஏறத்தாழ அதில் கால் பங்கு ஒரே பந்துவீச்சாளருக்குப் போய்ச் சேர்ந்தது.

இந்த விலை தகுமா என்று அணி உரிமையாளர்கள் மட்டும் கேட்கவில்லை. இதே கேள்வியைச் சிறிய அளவில் நாள்தோறும் கேட்டுக்கொண்டவர்கள் நம் நாட்டில் கோடிக்கணக்கில் இருந்தார்கள். ட்ரீம்11 போன்ற செயலிகளில் கற்பனை அணி அமைத்து விளையாடியவர்கள் அவர்கள். அனகாபுத்தூர், பம்மல், பொழிச்சலூர் என்று புறநகரின் எந்தத் தேநீர்க் கடையிலும், டாஸ் போடுவதற்குச் சற்று முன்னர் கைப்பேசியும் கையுமாக இளைஞர்கள் இந்தக் கணக்கைப் போட்டுக் கொண்டிருந்தார்கள்.

ஃபேன்டஸி கிரிக்கெட்டின் அடிப்படை விதி எளிமையானது. களமிறங்கும் இரண்டு அணிகளிலிருந்து 11 பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒவ்வொரு வீரருக்கும் ஒரு மதிப்பு உண்டு. பதினொருவரின் மொத்த மதிப்பு 100-ஐத் தாண்டக் கூடாது என்பதே ட்ரீம்11-இல் நெடுங்காலம் இருந்த வரம்பு. தலைவராகக் குறிக்கப்படுபவருக்குப் புள்ளிகள் இரட்டிப்பாகும். துணைத் தலைவருக்கு ஒன்றரை மடங்கு. புகழ்பெற்ற வீரரைச் சேர்த்தால் மற்ற இடங்களுக்கான இருப்பு குறையும். பொருளியல் பாடநூலின் முதல் அத்தியாயத்தில் வரும் ‘வாய்ப்புச் செலவு’ என்பது இதுதான். ஒரு பொருளின் உண்மையான விலை, அதற்குக் கொடுத்த பணம் அன்று. அந்தப் பணத்தால் வாங்கியிருக்கக் கூடிய வேறொன்று.

கொல்கத்தா அணியின் 2024-ஆம் ஆண்டுக் கணக்கையே இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். அந்தத் தொடரில் ஸ்டார்க் எடுத்தவை 17 விக்கெட்டுகள். ரூ.8 கோடிக்குத் தக்கவைக்கப்பட்டிருந்த தமிழகத்தின் வருண் சக்கரவர்த்தி எடுத்தவை 21. ரூ.6 கோடி பெற்ற சுனில் நரைன் 17 விக்கெட்டுகளுடன் 488 ஓட்டங்களையும் சேர்த்தார். வெறும் ரூ.20 லட்சம் பெற்ற ஹர்ஷித் ராணா 19 விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஸ்டார்க்கின் ஒரு விக்கெட்டுக்கு ஏறத்தாழ ரூ.1.46 கோடி, ராணாவின் ஒரு விக்கெட்டுக்கு ஏறத்தாழ ரூ.1 லட்சம். முதல் இரண்டு ஆட்டங்களில் 8 ஓவர்கள் வீசி, விக்கெட் எதுவுமின்றி 100 ஓட்டங்களை விட்டுக்கொடுத்தார் ஸ்டார்க். இந்தக் கணக்கோடு நிறுத்தினால், அவரை வாங்கியது வீண் செலவு என்றே தோன்றும்.

ஆனால், கணக்கு அங்கே முடியவில்லை. இறுதிக்குச் செல்லும் தகுதிச் சுற்றில் 34 ஓட்டங்களுக்கு 3 விக்கெட்டுகள். மே 26 அன்று சேப்பாக்கத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் 14 ஓட்டங்களுக்கு 2 விக்கெட்டுகள். இரண்டிலும் ஆட்டநாயகன் ஸ்டார்க். இறுதி ஆட்டத்தில் ஹைதராபாத் அணி 113 ஓட்டங்களுக்குச் சுருண்டது. கோப்பை கொல்கத்தாவுக்குச் சென்றது. எல்லா விக்கெட்டுகளும் எண்ணிக்கையில் ஒன்றே. மதிப்பில் அல்ல என்பதை அந்த இரண்டு இரவுகள் காட்டின.

அடுத்து நடந்தது இன்னும் கருதத்தக்கது. கோப்பையை வென்று தந்தவரை அந்த அணி தக்கவைத்துக் கொள்ளவில்லை. 2024 நவம்பரில் ஜெட்டாவில் நடந்த ஏலத்தில் டெல்லி அணி அவரை ரூ.11.75 கோடிக்கு வாங்கியது. ஓராண்டுக்குள் விலை பாதிக்கும் கீழே இறங்கியது. அவருடைய திறமை பாதியாகிவிடவில்லை. ஏலத்தில் இருந்த மற்ற வீரர்களும், அணிகளின் தேவையும், கையிருப்பும் மாறியிருந்தன. நட்சத்திரத்தின் விலை அவரிடம் மட்டும் இல்லை, சந்தையிலும் இருக்கிறது.

அமெரிக்காவில் பேஸ்பால் விளையாட்டை வைத்து அன்றாடக் கற்பனை அணி அமைப்போர், விலை உயர்ந்த பந்து வீச்சாளருக்கே முதலில் பணத்தை ஒதுக்குவது பரவலான வழக்கம். அதற்குக் காரணம் உண்டு. அங்கே ஆட்டத்தைத் தொடங்கும் பந்துவீச்சாளர் ஆட்டத்தின் பெரும்பகுதிக்கும் தொடர்ந்து வீசக்கூடும். டி20 கிரிக்கெட்டில் எவ்வளவு பெரிய பந்துவீச்சாளரானாலும் 4 ஓவர்கள்தாம். அணி வீசும் 120 பந்துகளில் 24 மட்டுமே அவருடையவை. தொடக்க ஆட்டக்காரரோ நிலைத்து நின்றால் 60 பந்துகளைக்கூடச் சந்திக்கலாம். 24 பந்துகளில் திறமைக்கு இணையாகத் தற்செயலும் பேசும். ஆடுகளம், பனிப்பொழிவு, தவறவிட்ட ஒரு கேட்ச் ஆகியவை ஒரு மாலையின் கணக்கையே புரட்டிவிடும்.

அதிக விலை கொடுப்பதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. ஏலத்தில் வெல்பவர் பெரும்பாலும் பொருளின் மதிப்பை மற்ற எல்லோரையும்விட மிகையாகக் கணித்தவராகவே இருப்பார். எண்ணெய் வயல் ஏலங்களை ஆராய்ந்த அமெரிக்கப் பொறியாளர்கள் 1971-இல் விளக்கிய இதனை ‘வென்றவரின் சாபம்’ என்பர். 2019 தொடருக்கான ஏலத்தில் ரூ.20 லட்சம் அடிப்படை விலையில் இருந்த வருண் சக்கரவர்த்தியைப் பஞ்சாப் அணி ரூ.8.4 கோடிக்கு வாங்கியது. காயத்தால் அவர் அந்தத் தொடரில் ஆடியது ஒரே ஓர் ஆட்டம். அடுத்த ஏலத்தில் கொல்கத்தா அவரை ரூ.4 கோடிக்கு எடுத்தது. பின்னர் அவரே அந்த அணியின் தூணானார்.

கற்பனை அணியில் இதற்கு மேலும் ஒரு நுட்பம் உண்டு. ஆயிரம் பேர் பங்கேற்கும் போட்டியில் 900 பேர் ஒரே நட்சத்திர வீரரைத் தேர்ந்தெடுத்தால், அவர் எவ்வளவு சிறப்பாக ஆடினாலும் அந்த 900 பேரில் எவரும் மற்றவரை முந்த முடியாது. எல்லோருக்கும் ஒரே புள்ளிகள்தாம். வெற்றியைத் தீர்மானிப்பது, யாரும் கவனிக்காத ஒரு ஹர்ஷித் ராணாவைக் கண்டெடுப்பதே.

இவையெல்லாம் திறமை சார்ந்த முடிவுகள்தாமே என்று கேட்கலாம். உண்மைதான். கிண்டி குதிரைப் பந்தயம் தொடர்பான வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம், வெற்றி பெருமளவு திறனைச் சார்ந்திருக்கும் விளையாட்டு சூதாட்டம் ஆகாது என்றது. அந்த வழியில், கற்பனை அணி விளையாட்டும் திறன் விளையாட்டே என்று 2017-இல் பஞ்சாப் - ஹரியாணா உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால், திறமை இருக்கிறதா என்பது சட்டத்தின் கேள்வி. அந்தத் திறமைக்குப் பலன் யாருக்குக் கிடைக்கிறது என்பது பொருளியலின் கேள்வி.

ஓர் எடுத்துக்காட்டு. நூறு பேர் ஆளுக்கு ரூ.50 கட்டுகிறார்கள், சேரும் தொகை ரூ.5,000. நடத்துபவர் 15 சதவீதம் எடுத்துக்கொண்டால் பரிசாக மிஞ்சுவது ரூ.4,250. சராசரியாக ஒருவர் ரூ.50 கொடுத்து ரூ.42.50 பெறுகிறார். திறமையானவர் ஒருவர் வென்றால், அந்தப் பணம் திறமை குறைந்தவர்களின் சட்டைப் பையிலிருந்துதான் வர வேண்டும். அமெரிக்காவில் 2015 பேஸ்பால் பருவத்தின் முதல் பாதியை ஆராய்ந்தபோது, கற்பனை அணிப் போட்டிகளில் கிடைத்த லாபத்தில் 91 சதவீதத்தை 1.3 சதவீத ஆட்டக்காரர்களே அள்ளிச் சென்றது தெரியவந்தது. திறன் விளையாட்டு என்பதற்கு அது சான்றுதான்; மற்றவர்களுக்கு அது ஆறுதல் அன்று.

ஸ்டார்க்கை வாங்கியவர்களுக்கும் நம் தெரு இளைஞருக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான். முதல் இரண்டு ஆட்டங்களில் ஸ்டார்க் சோபிக்காதபோது, அந்த இழப்பைத் தாங்க ஒரு நரைனும் ஒரு ராணாவும் இருந்தார்கள். காத்திருக்க இரண்டு மாதங்களும் இருந்தன. மாதச் சம்பளத்தில் ஒரு பகுதியை ஒரே மாலையின் 24 பந்துகளில் வைக்கும் இளைஞருக்கு அத்தகைய பாதுகாப்பு எதுவும் இல்லை. அவர் 100 புள்ளி வரம்புக்குள் வாய்ப்புச் செலவைக் கணக்கிடுகிறார். வீட்டு வாடகையும் தங்கையின் கல்லூரிக் கட்டணமும் அந்த வரம்புக்கு வெளியே நிற்கின்றன.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் கட்டி ஆடும் இணையவழி விளையாட்டுகளைத் திறன், தற்செயல் என்ற வேறுபாடின்றித் தடை செய்தது. ட்ரீம்11 உள்ளிட்ட நிறுவனங்கள் பணப் போட்டிகளை நிறுத்திக் கொண்டன. தடை ஒரு கதவை மூடியிருக்கிறது. வேறு பெயர்களில், வேறு நாடுகளிலிருந்து புதிய கதவுகள் திறக்காது என்று எவரும் உறுதி கூற இயலாது. எனவே, சட்டத்தோடு கல்வியும் சேர வேண்டும். மேல்நிலைப் பள்ளிப் பொருளியல் வகுப்பில் வாய்ப்புச் செலவையும் சராசரி எதிர்பார்ப்பையும் கற்பிக்க, ஸ்டார்க்கின் ரூ.24.75 கோடியைவிடப் பொருத்தமான பாடம் கிடைப்பது அரிது. விளையாட்டை நேசிக்கும் மாணவர்கள் அந்தக் கணக்கை ஆர்வத்தோடு போடுவார்கள். நட்சத்திர வீரரின் விலையை எடைபோடக் கற்றவர்கள், தங்கள் ஐம்பது ரூபாயின் விலையையும் எடைபோடுவார்கள்.