டேனிய மொழியும் வட்டார வழக்குகளும்

தரங்கம்பாடிக் கடற்கரையில் 1620ஆம் ஆண்டில் டான்ஸ்போர்க் கோட்டையை எழுப்பிய டேனியரின் தாயகம் டென்மார்க். அந்நாட்டின் மொழியாகிய டேனியம், சுவீடியத்தையும் நார்வேஜியத்தையும் போல வடஜெர்மானியக் கிளையைச் சேர்ந்தது. பரப்பில் டென்மார்க், தமிழ்நாட்டின் மூன்றில் ஒரு பங்கே ஆகும். எனினும், ஒரு கோடியில் வாழ்ந்த உழவரின் பேச்சு மறுகோடியில் வாழ்ந்தோர்க்கு எளிதில் விளங்காத அளவுக்கு அங்கு வட்டார வழக்குகள் வேறுபட்டிருந்தன.

மூவகை வழக்குகள்

டேனிய வட்டார வழக்குகளை மூன்றாகப் பகுப்பர். யூட்லாந்துத் தீபகற்பத்தில் வழங்குவது ஒன்று. சீலாந்து, ஃபூன் முதலிய தீவுகளில் வழங்குவது மற்றொன்று. கிழக்கே பால்டிக் கடலில் தனித்து நிற்கும் போர்ன்ஹோம் தீவின் வழக்கு மூன்றாவது. கோபன்ஹேகன் நகரப் பேச்சை ஒட்டிப் பொதுமொழி உருப்பெற்றது.

இலக்கண வேறுபாடுகள்

தமிழில் பால் பகுப்பு பொருளைச் சார்ந்தது. டேனியத்திலோ அது பெரும்பாலும் சொல்லைச் சார்ந்தது. பழைய மொழியில் இருந்த மூன்று பால்களையும் போர்ன்ஹோம் வழக்கு காத்து வந்தது. பொதுமொழியில் அவை இரண்டாயின. மேற்கு யூட்லாந்திலோ அவ்வேறுபாடே பெரிதும் மறைந்தது. ‘ஹூஸ்’ என்பது வீடு. ‘அந்த வீடு’ எனக் குறிப்பிட்டுச் சொல்லப் பொதுமொழி சொல்லின் இறுதியில் விகுதி சேர்த்து ‘ஹூசெத்’ என்கிறது. மேற்கு யூட்லாந்தினரோ முன்னே ஓர் எழுத்தை இட்டு ‘எ ஹூஸ்’ என்பர்.

ஒலிப்பிலும் வேறுபாடு உண்டு. பொதுமொழியில் ‘அவள்’ என்னும் பொருள் தரும் சொல்லும் ‘நாய்’ என்னும் பொருள் தரும் சொல்லும் ‘ஹுன்’ என்றே ஒலிக்கும். குரல்வளையை நொடிப்பொழுது இறுக்கி ஒலித்தால் நாய். இறுக்காது ஒலித்தால் அவள். இவ்விறுக்கத்தை ‘ஸ்டோட்’ என்பர். போர்ன்ஹோமிலும் தென்தீவுகள் சிலவற்றிலும் இவ்வொலிப்பு இல்லை.

எல்லையும் மொழியும்

1864ஆம் ஆண்டுப் போரில் டென்மார்க் தோற்றது; தென் யூட்லாந்து பிரஷ்ய ஆட்சிக்கு உட்பட்டது. 1888இல் அங்குள்ள பள்ளிகளில், சமயப் பாடம் நீங்கலாக, ஜெர்மனே பயிற்றுமொழி ஆக்கப்பட்டது. பள்ளியில் ஜெர்மன் கற்ற பிள்ளைகள் வீட்டில் தென் யூட்லாந்து வழக்கையே பேசினர். ஜெர்மனியின்பால் பற்றுக்கொண்ட குடும்பங்கள் பலவற்றிலும் அதுவே வீட்டுமொழி. 1920இல் நடைபெற்ற பொதுவாக்கெடுப்பின்வழி அப்பகுதியின் வடபாகம் டென்மார்க்குடன் மீண்டும் இணைந்தது.

தேய்வும் காப்பும்

அயலார் ஆட்சியில் நிலைத்த வழக்குகள், சொந்த நாட்டின் பொதுமொழிக்கு முன் தேய்ந்தன. பள்ளியில் வழக்குச் சொல் பிழையெனத் திருத்தப்பட்டது. வானொலி பொதுமொழியை இல்லந்தோறும் கொண்டு சேர்த்தது. உழவர் மக்கள் நகரங்களில் குடியேறினர். இன்று பழைய வழக்கைப் பெரும்பாலும் முதியோரிடமே கேட்க இயலும். இளையோர் பேச்சில் வட்டாரச் சாயல் மட்டுமே எஞ்சியுள்ளது.

இத்தேய்வை முன்னுணர்ந்தோரும் இருந்தனர். யூட்லாந்தில் சமயகுருவாகப் பணியாற்றிய ஃபைல்பெர்க், உழவரின் சொற்களைத் திரட்டி, 1886 முதல் 1914 வரை பெரும் அகராதியாக வெளியிட்டார். சொல்லோடு அதனைச் சார்ந்த தொழிலையும் நம்பிக்கையையும் பழமொழியையும் அதில் பதிவு செய்தார்.

வட்டார வழக்கு பொதுமொழியின் சிதைவு அன்று. பொதுமொழி இழந்த மூன்றாம் பாலைக் காத்தது ஒரு சிறு தீவின் பேச்சே. அகராதி சொல்லைக் காக்கும். அச்சொல்லைப் பேசிக் காப்பது மக்களின் கடமையாகும்.