வடக்கின் கல்லும் தெற்கின் வீடும்

ஒரு நாட்டின் செல்வம் பொன்னிலும் பொருளிலும் மாத்திரம் தங்கியிருப்பதன்று. ஓர் ஊரார் ஆக்கிய பொருளை மற்றோர் ஊரார் ஐயமின்றி வாங்கும் உறவிலும் அது தங்கியிருக்கிறது. உள்நாட்டுப் பகைமை முதலில் அறுப்பது அந்த உறவையே. இவ்வுண்மையைக் காண நாம் தூரதேசம் செல்லவேண்டியதில்லை. காங்கேசன்துறைக்குச் சென்றாற் போதும்.

குடாநாட்டின் நிலத்தடியில் நிறைந்துள்ள சுண்ணாம்புக்கல்லை மூலப்பொருளாகக் கொண்டு, 1950இல் அங்கே அரசாங்கத்தின் சீமெந்துத் தொழிற்சாலை இயங்கத் தொடங்கிற்று. களிமண் மன்னார்ப் பகுதியின் முருங்கனிலிருந்து வந்தது. கல்லும் மண்ணும் சூளையில் வெந்து கட்டியாகும். கட்டியை அரைத்தாற் சீமெந்து. பிற்காலத்தில் அக்கட்டியில் ஒரு பகுதி தென்கோடியிலுள்ள காலிக்குச் சென்று, அங்குள்ள ஆலையில் அரைக்கப்பட்டது. வடக்கின் கல் தெற்கில் வீடாயிற்று. தமிழ்த் தொழிலாளிக்கும் சிங்களத் தொழிலாளிக்கும் அதனால் அடுப்பெரிந்தது.

1983ஆம் ஆண்டு வன்செயலின்பின் போர் முற்றியது. 1990இல் சூளை அணைந்தது. வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர். அவர்தம் காணிகள் பின்னர் உயர் பாதுகாப்பு வலயமாயின. அன்று நின்ற புகையிரதம் 2015இலேதான் மீண்டும் காங்கேசன்துறையை அடைந்தது. நட்டமடைந்தவர் வடபுலத்தார் மாத்திரமோ? பிறநாட்டுச் சீமெந்துக்குப் பணம் கொடுத்தது நாடு முழுவதுமன்றோ!

பகைமை ஒரு பக்கத்தாரின் செயலுமன்று. அதே 1990 ஒக்டோபரில், மொழியால் ஒன்றுபட்டுச் சமயத்தால் வேறுபட்ட வடமாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். அவர்கள் 70,000 பேர் அளவினர். யாழ்ப்பாண நகரில் அவர்களுக்குக் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரமே. இரும்புக் கடைகளும் தையற் கடைகளும் பூட்டப்பட்டன. தலைமுறைகளாக வளர்ந்த வாணிப அனுபவமும், வாடிக்கையாளர் வைத்திருந்த நம்பிக்கையும் அவர்களுடனேயே அகன்றன.

நிலம், உழைப்பு, மூலதனம், முயற்சி ஆகிய நான்கும் உற்பத்திக் காரணிகள் என மாணவர்கள் பாடசாலையிற் கற்கிறார்கள். குடாநாட்டில் அந்நான்குக்கும் நேர்ந்ததை எண்ணிப் பார்ப்போம். நிலம் வலயமாயிற்று. உழைப்பு முகாமுக்கும் அந்நிய தேசத்துக்கும் போயிற்று. மூலதனம் துருப்பிடித்தது. முயற்சியுடைய வணிகன் துரத்தப்பட்டான்.

போர் 2009இல் முடிந்தது. தண்டவாளத்தைப் பணங்கொண்டு மீண்டும் போடலாம், போட்டும் விட்டார்கள். அயலான்மீது வைக்கும் நம்பிக்கையைக் கடன் வாங்கிக் கட்ட இயலாது. அது நம் வீட்டுத் திண்ணையிலும், சந்தையிலும், பள்ளிக்கூட வாங்கிலுமே வளரவேண்டும். பிற இனத்தாரைப் பற்றிப் பிள்ளைகள் கேட்க நாம் பேசும் ஒவ்வொரு சொல்லும் நாட்டின் வரவிலோ செலவிலோ சேரும் என்பதை மறவாதிருப்போமாக.